மோல்ட்டனில் வெட்டப்பட்ட அம்பு

ஒட்டாவாவில் உள்ள கனடா விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் ஒரு போர் விமானத்தின் மூக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னுமாக இருவர் அமரும் அறைகள் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் கூர்ந்து நீளும் உடலின் நுனி இருக்கிறது, பின்னால் எதுவுமே இல்லை. ஏறத்தாழ 24 மீற்றர் நீளமும் 15 மீற்றர் சிறகு விரிவும் கொண்டிருந்த ஒரு விமானத்தில் மிஞ்சியது இந்த மூக்கும் சில துண்டுகளும்தான். சென்ற கோடையில் பிள்ளைகளுடன் அங்கே போனபோது, அவர்கள் மற்ற விமானங்களைப் பார்த்து முடித்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் நான் அதன் முன்னால்தான் நின்றிருந்தேன். அந்த விமானத்தின் பெயர் அவ்ரோ ஆரோ. ‘ஆரோ’ என்றால் அம்பு.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு ‘அவ்ரோ’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பலாலி விமானத்தளத்துக்கு வந்துபோன இலங்கை விமானப்படையின் அவ்ரோ 748 விமானங்களின் இரைச்சலை, பங்கருக்குள் இருந்தபடியே மற்ற விமானங்களின் இரைச்சலிலிருந்து பிரித்தறியப் பழகியவர்கள் நாங்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1910ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏ. வி. ரோ நிறுவனம்தான் அந்த 748ஐ வடிவமைத்தது. அதே நிறுவனத்தின் கனடியக் கிளைதான் ஆரோவைக் கட்டியது. கனடாவுக்கு வந்த புதிதில் நான் இரவு வேலை செய்த பொதியிடும் தொழிற்சாலை, ரொறன்ரோவை அடுத்த மோல்ட்டன் பகுதியில், விமான நிலையத்துக்கு அருகில் இருந்தது. என்னோடு வேலை செய்த வயதான கனடியர் ஒருவர், தன் தந்தை அந்த வீதியில் இருந்த அவ்ரோ தொழிற்சாலையில் வேலை பார்த்ததாகவும், ஒரு வெள்ளிக்கிழமை மாலை கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் இரவு முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் சொன்னார். அவ்ரோ என்ற பெயரை அதுவரை வேறு விதமாகவே அறிந்திருந்த எனக்கு, அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒருவர் கண் கலங்குவது புதிதாக இருந்தது. அன்று தொடங்கிய வாசிப்பு இன்னும் முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது மோல்ட்டனில் விக்டரி எயார்கிராஃப்ட் என்ற தொழிற்சாலை இங்கிலாந்துக்காக 430 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிக் கொடுத்தது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு ஏ. வி. ரோ கனடா பிறந்தது. நான்கே ஆண்டுகளில், 1949 ஓகஸ்ட் 10ஆம் திகதி, அவர்கள் கட்டிய ஜெட்லைனர் என்ற பயணிகள் ஜெட் விமானம் பறந்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட்டான பிரித்தானிய கொமெட் பறந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. கொரியப் போர் மூண்டதும், சிஎஃப்-100 என்ற இராணுவ ஜெட்டில் மட்டும் கவனம் செலுத்துமாறு அரசு சொல்ல, ஜெட்லைனர் ஓரங்கட்டப்பட்டு, 1956இல் வெட்டப்பட்டது. அதன் மூக்கும் இதே ஒட்டாவா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஆரோவுக்கு நேர்ந்ததைப் பேசுகிறவர்கள் ஜெட்லைனரை மறந்துவிடுகிறார்கள். ஒரே தொழிற்சாலையின் இரண்டு பெரும் படைப்புகளில் மூக்குகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன என்பது எனக்கு மிகவும் கனமான செய்தியாகப் படுகிறது.

ஆரோவின் தேவை பூகோளத்திலிருந்து பிறந்தது. சோவியத் ஒன்றியத்தின் குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்க நகரங்களுக்கு வரக்கூடிய மிகக் குறுகிய வழி வடதுருவத்தைக் கடந்து, ஆளற்ற வட கனடாவின் மேலாக வருவது. அவற்றை அந்தப் பனிவெளியிலேயே எதிர்கொண்டு நிறுத்த வேண்டும் என்றால், எந்தக் காலநிலையிலும் இரவிலும் பகலிலும் விரைந்து மேலேறித் தேடிப் பிடிக்கும் இடைமறிப்பு விமானம் வேண்டும். 1953 ஏப்ரலில் கனடிய விமானப்படை தன் நிபந்தனைகளை எழுதியது. இரண்டு இயந்திரங்களும் இரண்டு பேரும் இருக்க வேண்டும். 50,000 அடி உயரத்தில், ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும்போதே, வேகமும் உயரமும் குறையாமல் 2ஜி அழுத்தத்தில், அதாவது புவியீர்ப்பைப் போல இரு மடங்கு விசையில், திரும்ப வேண்டும். விமானப்படையின் குழு ஒன்று அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளுக்குச் சென்று பார்த்தது. இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் விமானம் அங்கெல்லாம் வரைபடத்தில்கூட இருக்கவில்லை. ஆகவே தாமே கட்டுவது என்று முடிவாயிற்று.

கட்டிய விதத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் அந்த மனிதர்களின் துணிச்சல் புரிகிறது. பொதுவாக ஒரு புதிய விமானத்துக்கு முதலில் கையால் ஒன்றிரண்டு மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டுப் பார்த்து, குறைகளைத் திருத்திய பிறகே உற்பத்திக்கான அச்சுகளையும் தாங்கிகளையும் அமைப்பார்கள். அவ்ரோவில் அந்தப் படியைத் தாண்டி, முதல் விமானத்தையே உற்பத்தி அச்சுகளில் கட்டினார்கள். வடிவமைப்பில் பிழை இருந்தால் அத்தனை அச்சுகளும் வீணாகிவிடும். அதனால் முன்கூட்டியே அறிய வேண்டியதையெல்லாம் காற்றுச் சுரங்கத்திலும் ஏரியிலும் அறிந்துகொண்டார்கள். ஏரி என்பது ஒன்ராறியோ ஏரி. விமானத்தின் எட்டில் ஒரு பங்கு அளவிலான மாதிரிகளை நைக்கி ரொக்கெட்டுகளின் தலையில் பொருத்தி, பொயின்ற் பீற்றர் என்ற கரையிலிருந்து ஏரியின் மேலாக ஏவி, அவை ஒலியை மிஞ்சிப் பறக்கும் சில கணங்களில் அனுப்பும் அளவீடுகளை வானொலி வழியாகப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு மாதிரியும் பறந்து முடிந்து நீரில் மூழ்கியது.

விமானத்தின் உடல் நீளமான பெட்டி போன்றது. அதன் மேல் மெல்லிய முக்கோணச் சிறகு ஒரே பலகையாகக் கவிந்திருந்தது. சிறகு மெலிந்திருந்ததால் சக்கரங்களை அதற்குள் மடக்குவதே பெரும் சிக்கலாயிற்று. நீண்ட கால்கள் சுழன்று சுருங்கி உள்ளே போகும்படி அமைத்தார்கள். ஒலியை மிஞ்சிய வேகத்தில் காற்று தரும் எதிர்ப்பை வென்று கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்க, மற்ற விமானங்களில் வழக்கமாயிருந்த 3,000 பவுண்டுக்குப் பதிலாகச் சதுர அங்குலத்துக்கு 4,000 பவுண்டு ஹைட்ரோலிக் அழுத்தத்தைப் பயன்படுத்தினார்கள். விமானி பிடியை அசைத்தால் அந்த அசைவு மின்சாரச் சைகையாக மாறிப் பலகைகளுக்குப் போயிற்று. காற்றின் எதிர்ப்பைக் கையில் உணரும்படி ஒரு செயற்கை உணர்வும் பிடிக்குத் தரப்பட்டது. இன்று பல பெரிய விமானங்களில் இருக்கும் மின்வழிக் கட்டுப்பாட்டின் தொடக்க வடிவம் இது. ஆயுதங்கள் சிறகில் தொங்கவில்லை. வயிற்றுக்குள் ஒரு பெட்டியாகப் பொருத்தப்பட்டிருந்தன, பெட்டியை அப்படியே கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். இதற்கென்றே ஒரெண்டா நிறுவனம் இரோக்குவா என்ற ஜெட் இயந்திரத்தை உருவாக்கியது. டைட்டேனியத்தைத் தாராளமாகப் பயன்படுத்திய அந்த இயந்திரத்தைச் சோதிக்க, அமெரிக்காவிடமிருந்து ஒரு பி-47 குண்டுவீச்சு விமானத்தை இரவல் வாங்கி, அதன் பின்னுடலின் ஒரு பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பறந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அவ்வளவு உந்துதல் இருக்கும்போது அந்த விமானத்தை நேராகச் செலுத்தியவர்களின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன்.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி, ஆயிரக்கணக்கான விருந்தினர் முன்னிலையில், பாதுகாப்பு அமைச்சர் ஜோர்ஜ் பியர்க்ஸ் திரையை விலக்க, முதல் ஆரோ வெளியே இழுத்துவரப்பட்டது. அதே நாளில் சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறுநாள் நாளிதழ்களில் மோல்ட்டனின் விமானத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் ஸ்புட்னிக்குக்குப் போனது. அதைவிட முக்கியமாக, ஸ்புட்னிக்கைச் சுமந்த ரொக்கெட் ஓர் அணுகுண்டையும் சுமக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. எதிரி இனி ஏவுகணையில் வருவான் என்றால், விமானத்தை மறிக்கும் விமானம் எதற்கு என்ற கேள்வி அந்த மாலையிலேயே பிறந்துவிட்டது.

இருந்தாலும் ஆரோ பறந்தது. 1958 மார்ச் 25ஆம் திகதி காலை, தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்து பார்த்திருக்க, யானுஷ் ஜுராகோவ்ஸ்கி அதை 35 நிமிடங்கள் செலுத்தி இறக்கினார். போலந்துக் குடும்பத்தில் பிறந்து, பிரித்தானியாவைக் காத்த வான்போரில் பறந்து, பிறகு சோதனை விமானியாகிக் கனடாவில் குடியேறியவர் அவர். மூன்றாவது பறப்பிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டினார். ஆண்டு முடிவதற்குள், இன்னொரு போலந்துக்காரரான பொட்டோட்ஸ்கி ஒலியைப் போல 1.9 மடங்குக்கு மேல் அதைக் கொண்டுபோனார். இவையெல்லாம் இரோக்குவா தயாராகும் வரைக்கும் தற்காலிகமாகப் பொருத்தப்பட்ட, எடை கூடிய, உந்துதல் குறைந்த அமெரிக்க இயந்திரங்களால் செய்யப்பட்டவை. இறங்கும்போது இரண்டு விபத்துகள் நேர்ந்தன, உயிரிழப்பு எதுவும் இல்லை. ஐந்து ஆரோக்களும் சேர்ந்து ஏறத்தாழ 70 மணி நேரம் பறந்தன. இரோக்குவா இயந்திரங்களை ஏந்தியிருக்க வேண்டிய ஆறாவது விமானம் ஏறத்தாழ முழுமையாகிக் கொட்டகையில் நின்றது. அதுதான் ஆர்எல்-206, ஒட்டாவாவில் நான் பார்த்த மூக்கு அதனுடையது.

முதல் பறப்பு நடந்து ஆறாம் நாள் ஜோன் டீஃபன்பேக்கர் பெரும் பெரும்பான்மையுடன் மீண்டும் பிரதமரானார். அவரை மட்டும் கொடியவராகச் சித்திரிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது, நான் அதை ஏற்கவில்லை. அவருக்கு முந்திய லிபரல் அரசின் பெரும் அமைச்சர் சி. டி. ஹவ், 1955இலேயே இந்தத் திட்டத்தின் செலவு தன்னை நடுங்கவைக்கிறது என்று நாடாளுமன்றத்தில் சொன்னவர். விமானத்தோடு சேர்த்து அதன் ரேடாரையும் குறிபார்க்கும் கருவியையும் ஏவுகணையையும் புதிதாகவே உருவாக்க முனைந்தது, என் கணிப்பில், விமானப்படை செய்த பெரிய தவறு. செலவை எகிறவைத்தது அதுதான். 1958 செப்டெம்பரில் டீஃபன்பேக்கர் அவற்றை நிறுத்தி, விமானத்தை மட்டும் மறுபரிசீலனைக்கு விட்டார். அமெரிக்காவோ பிரித்தானியாவோ ஒன்றைக்கூட வாங்க முன்வரவில்லை. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் பேசப்பட்ட தேவை நூறளவுக்குச் சுருங்கிவிட்டது. இத்தனை கோடி டொலர் செலவில் நூறு விமானங்களைக் கட்டுவது, அப்போது ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி மக்கள் இருந்த ஒரு நாட்டுக்குத் தகுமா என்று ஒரு பிரதமர் கேட்டது நியாயமான கேள்வி. ஏவுகணைகள் வந்த பிறகும் ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் மறையவில்லை, ரியு-95 என்ற அவர்களின் குண்டுவீச்சு விமானங்கள் இன்றும் வட எல்லையை நெருங்கும்போது கனடிய விமானிகள் எழுந்துபோய் அவற்றோடு பறக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அது 1959இல் யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்க முடியாது.

1959 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் எழுந்து ஆரோவும் இரோக்குவாவும் கைவிடப்படுவதாக அறிவித்தார். மோல்ட்டனில் நிறுவனத்தின் தலைவர் குரோஃபோர்ட் கோர்டன் ஒலிபெருக்கியில் செய்தியைச் சொன்னார். 14,000க்கும் மேற்பட்டவர்கள் அன்று வேலையை இழந்தார்கள். உதிரிப்பாகங்கள் செய்துகொடுத்த சிறு நிறுவனங்களில் வேலை போனவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது. எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பியதற்கு அரசின் உத்தரவு காரணமா, நிறுவனத்தின் கோபம் காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் சக தொழிலாளியின் தந்தை கருவிப்பெட்டியோடு வீடு திரும்பிய மாலை அதுதான்.

இதுவரைக்கும் நடந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. அடுத்து நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பறந்த ஐந்து விமானங்களும், முடிவை எட்டியிருந்த ஆறாவதும், வரிசையில் பின்னால் கட்டப்பட்டுக்கொண்டிருந்தவையும் தொழிற்சாலை வாசலில் தீயால் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அச்சுகளும் தாங்கிகளும் அழிக்கப்பட்டன. வரைபடங்களையும் சோதனை அறிக்கைகளையும் புகைப்படங்களையும் அழிக்குமாறு உத்தரவு வந்தது. அந்த நாள்களில் வானிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், வெண்ணிற ஆரோக்கள் தொழிற்சாலை முற்றத்தில் வெட்டுப்பட்டுக் கிடப்பது தெரிகிறது. டீஃபன்பேக்கரின் பழிவாங்கல் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. பிற்காலத்தில் வெளியான ஆவணங்களின்படி, அழிக்கும் யோசனை 1959 மார்ச்சில் விமானப்படைத் தளபதியிடமிருந்து போயிருக்கிறது. அமைச்சர் பியர்க்ஸ் அதற்கு இணங்கியிருக்கிறார். இரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்பது காரணம். நாட்டின் மிகச் சிறந்த மூளைகள் ஆறு ஆண்டுகளாகக் கற்ற பாடங்களைப் பூட்டி வைக்க ஒரு கொட்டகை போதுமாக இருந்திருக்கும். பிரித்தானியா 1965 ஏப்ரலில் தன் ரிஎஸ்ஆர்-2 விமானத்தைக் கைவிட்டபோது அங்கும் அச்சுகளை உடைத்தார்கள், பறந்த ஒரே விமானத்தைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்தார்கள். இருந்தாலும் முழு உருவில் இரண்டு விமானங்கள் கொஸ்ஃபோர்டிலும் டக்ஸ்ஃபோர்டிலும் இன்றும் நிற்கின்றன, விரும்பியவர் போய்த் தொட்டுப் பார்க்கலாம். ஆர்எல்-206இன் மூக்கு தப்பியதற்குக்கூட, விமானப்படையின் மருத்துவ ஆய்வகம் ஒன்று அழுத்தச் சோதனைகளுக்காக அதை எடுத்துக்கொண்டதே காரணம்.

இதே மோல்ட்டன் தொழிற்சாலையில் அமெரிக்கப் பணத்தில் அவ்ரோகார் என்ற பறக்கும் தட்டு ஒன்றும் உருவாகிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் எழுந்தாலே தடுமாறிய அந்த வட்ட ஊர்தி, ஆரோ வெட்டப்பட்ட பிறகும் 1961 வரைக்கும் சோதிக்கப்பட்டது. அதன் இரண்டு மாதிரிகளும் அமெரிக்க அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஒலியை மிஞ்சியது துண்டாயிற்று, தரையை விட்டு எழ முடியாதது தப்பிற்று.

மனிதர்களை எவராலும் வெட்ட முடியவில்லை, ஆனால் கனடா அவர்களை இழந்தது. அவ்ரோவின் பொறியியலாளர்கள் முப்பது பேரளவில் 1959இலேயே, பிறந்து ஓராண்டும் ஆகாத நாசாவுக்குப் போனார்கள். ஆரோவின் காற்றியக்கவியல் தலைவர் ஜிம் சேம்பர்லின் ஜெமினி விண்கலத்தின் வடிவமைப்பை வழிநடத்தினார். ஓவன் மேனார்ட் சந்திரனில் இறங்கிய கலத்தின் பொறியியலில் முக்கிய பொறுப்பு வகித்தார். ஜோன் ஹொட்ஜ் விண்பயணங்களைத் தரையிலிருந்து நடத்தும் இயக்குநர்களில் ஒருவரானார். தலைமைப் பொறியியலாளர் ஜிம் ஃபுளொயிட் இங்கிலாந்துக்குத் திரும்பி, ஒலியை மிஞ்சும் பயணிகள் விமான ஆய்வுகளில் இறங்கினார். ஜுராகோவ்ஸ்கி அதன் பிறகு சோதனை விமானியாகப் பறக்கவில்லை. ஒன்ராறியோவின் பரிஸ் பே என்ற சிற்றூரில் ஏரிக்கரையில் ஒரு விடுதி நடத்தி, 2004இல் அங்கேயே மறைந்தார். அவ்ரோ கனடா 1962இல் மூடப்பட்டது.

ஆரோவுக்குப் பதிலாகக் கனடா, குண்டுவீச்சு விமானங்களைத் தரையிலிருந்து தாக்கும் அமெரிக்க போமார்க் ஏவுகணைகளை நோர்த் பேயிலும் லா மக்காசாவிலும் நிறுவியது, மொத்தம் 56. அவற்றுக்கு அணுகுண்டு முனை தேவைப்பட்டது. அதை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில்தான் 1963இல் டீஃபன்பேக்கரின் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த லெஸ்டர் பியர்சன் அணுமுனைகளை ஏற்றார். 1972இல் போமார்க்குகளும் போயின. ஏவுகணைகள் போதாமல், 1961இல் 66 வூடு இடைமறிப்பு விமானங்களை அமெரிக்காவிடமிருந்து பெற வேண்டியும் வந்தது. கனடாவின் வூடுகளோ போமார்க்குகளோ ஒரு முறையும் போரில் பயன்படவில்லை. ஆரோ கட்டப்பட்டிருந்தாலும் அதுவும் எவரையும் நோக்கி ஏவப்படாமலே ஓய்வு பெற்றிருக்கும். குண்டுவீச்சு விமானங்களின் கீழே வளர்ந்தவன் என்ற முறையில் அதில் எனக்கு நிம்மதிதான். என் துக்கம் வெட்டியதைப் பற்றியது.

எங்களில் பெரும்பாலானோர் கனடாவில் முதலில் காலடி வைத்த பியர்சன் விமான நிலையம்தான் அன்றைய மோல்ட்டன் விமான நிலையம். ஆரோ எழுந்து பறந்தது அங்கிருந்துதான். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களை 2000களில் இடித்துவிட்டார்கள். நான் அந்த வழியாக வேலைக்குப் போன காலத்தில் அவை இன்னும் நின்றன. ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

2018இல் ஒன்ராறியோ ஏரியின் அடியிலிருந்து சோதனை மாதிரிகளில் ஒன்றை, சிப்பிகள் படர்ந்த நிலையில், மேலே கொண்டுவந்தார்கள். 2020ஆம் ஆண்டு சஸ்கட்டூனில் சில ஆரோ வரைபடங்கள் காட்சிக்கு வந்தன. அவற்றை அழிக்குமாறு பணிக்கப்பட்ட மூத்த வரைவாளர் ஒருவர், அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு குடும்பத்தார் கண்டெடுத்தார்கள். காட்சிக்கு வைத்த இடம் சஸ்கட்செவன் பல்கலைக்கழகத்தில் டீஃபன்பேக்கரின் பெயரால் இயங்கும் நிலையம். வரும் கோடையில் அங்கே போகும் வசதி கிடைத்தால், அந்தத் தாள்கள் இன்னும் காட்சியில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பேன்.